எண்ணாக இருந்தால் நம்பிவிடலாமா? தரவு வகைகளும் நம்பகத்தன்மையும்

கூடலூர் வாசகர், 6 ஜூன் 2024

மக்களவைத் தேர்தல் முடிவு வந்து இரண்டு நாள் ஆகிறது. ஜூன் 1 மாலை வெளியான கருத்துக்கணிப்புகளில் பெரும்பாலானவை தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல் இடங்களைக் கொடுத்தன. எண்ணி முடித்தபோது 293 தான் இருந்தது. வாக்காளர் வாயால் சொன்னது பொய்த்தது, இயந்திரம் எண்ணியது நின்றது. என் மகள் கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறாள். பெயரளவை, தரவரிசை அளவை, இடைவெளி அளவை, விகித அளவை என்று தரவில் நான்கு வகை இருப்பதாக அவளுடைய பாடநூல் சொல்கிறது. என் கருத்து இதுதான்: அளந்தும் எண்ணியும் எடுத்த தரவே நம்பத்தக்கது, அதிலும் விகித அளவை எல்லாவற்றுக்கும் மேல். பெயராகவும் சொல்லாகவும் கிடைப்பது வெறும் அபிப்பிராயம். மறுப்பவர் இருந்தால் சொல்லலாம்.

குமுளி கணக்கு வாத்தியார், 6 ஜூன் 2024, இரவு

மறுக்கிறேன். தரவின் வகை வேறு, அதன் நம்பகத்தன்மை வேறு. இரண்டையும் ஒரே ஏணியின் படிகளாக அடுக்கியதில்தான் தவறு தொடங்குகிறது.

அந்த நான்கு வகைப் பிரிப்பை 1946-இல் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் முன்வைத்தார். ஒரு தரவை வைத்துக்கொண்டு எந்தக் கணக்கைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதுதான் அவருடைய கேள்வி. தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் நம் ஊர்ப் பொருள்களிலேயே பார்க்கலாம். சோதனைச்சாவடியில் நிற்கும் வண்டியின் எண் பெயரளவை. தேனி வண்டிக்கு 60 என்றும் வண்டிப்பெரியாறு வண்டிக்கு 37 என்றும் இருப்பதால் தேனி வண்டி பெரிதாகிவிடாது. ஏலக்காயைச் சல்லடையில் சலித்துப் பிரிக்கும் தரங்கள் தரவரிசை அளவை. முதல் தரம் இரண்டாம் தரத்தைவிட மேல் என்று சொல்லலாம், எத்தனை மடங்கு மேல் என்று சொல்ல இயலாது. வெப்பநிலை இடைவெளி அளவை. குமுளியில் 15 டிகிரியும் கம்பத்தில் 30 டிகிரியும் இருந்தால் கம்பம் இரு மடங்கு சூடாக இருக்கிறது என்று பொருள் இல்லை, ஏனென்றால் செல்சியஸின் சுழியம் நாம் வைத்துக்கொண்ட சுழியம். பச்சைக்காயின் எடை, அணையின் நீர்மட்டம் போன்றவை விகித அளவை. அவற்றில் சுழியம் என்றால் ஒன்றுமே இல்லை என்று பொருள், ஆகவே இரு மடங்கு, மும்மடங்கு என்று பேசலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகும் அந்த எடை சரியான எடையா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. தராசு கோணலாக இருந்தால் விகித அளவையும் கோணல்தான். நூறு முறை நிறுத்தாலும் நூறு முறையும் 200 கிராம் குறைத்துக் காட்டும் தராசு மிகவும் நிலையான தராசு. புள்ளியியலார் அதற்கு நம்பகத்தன்மை (ஒரே விடையைத் திரும்பத் திரும்பத் தருவது) உண்டு, ஏற்புடைமை (மெய்யான அளவைக் காட்டுவது) இல்லை என்பார்கள். எடைபோட வரும் தொழிலாளிக்கு அந்த வேறுபாடு நன்றாகவே தெரியும், சொல்தான் தெரியாது.

குமுளி கணக்கு வாத்தியார், 7 ஜூன் 2024

இரவில் அவசரமாக எழுதியதால் ஒரு பிழை நேர்ந்துவிட்டது. அணையின் நீர்மட்டத்தை விகித அளவை என்று எழுதினேன். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அப்படி எழுதியிருக்கக் கூடாது.

முல்லைப்பெரியாற்றில் 104 அடிக்குக் கீழே இருக்கும் நீரைத் தேக்கடிச் சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்கு எடுக்க முடியாது. பாசனத்தைப் பொறுத்தவரை 104 தான் சுழியம். 128 அடியில் 24 அடி நீர் நமக்குக் கிடைக்கும், 116 அடியில் 12 அடிதான் கிடைக்கும். அளவுகோலில் 128-க்கும் 116-க்கும் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் வேறுபாடு. வயலுக்கு வரும் நீரில் அது பாதிக்குப் பாதி. சரியாகச் சொன்னால் பாதிக்கும் மேல். மேலே போகப்போக நீர்ப்பரப்பு விரிவதால் 130-லிருந்து 136 வரையுள்ள ஆறு அடி கொள்ளும் நீர், 110-லிருந்து 116 வரையுள்ள ஆறு அடி கொள்ளும் நீரைவிட அதிகம். ஆகவே அடிக்கணக்கில் இடைவெளிகள் சமமாக இருந்தாலும் நீர்க்கணக்கில் சமமாக இல்லை.

2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்த நாள்முதல் இங்கே தேநீர்க் கடையில் பாலில் தண்ணீர் அதிகமானாலும் எத்தனை அடி என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் மட்டம் என்ற எண்ணை வைத்துக்கொண்டு கொள்ளளவைப் பற்றிப் பேசுவோரே இரு பக்கமும் அதிகம். எண் சரியானது, அளந்தவர் சரியாகவே அளந்திருக்கிறார். அது எந்தக் கேள்விக்கு விடை என்பதில்தான் சறுக்கல்.

குமுளி கணக்கு வாத்தியார், 9 ஜூன் 2024

கூடலூர் வாசகர் கேட்கிறார்: வகை தெரிந்திருந்தால் என்ன பயன், தெரியாவிட்டால் என்ன கெட்டுவிடும்? ஒரு பையனின் ஓராண்டு கெட இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கேரளத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு 2005 முதல் மதிப்பெண்ணுக்குப் பதிலாகத் தரக்குறியீடு கொடுக்கிறார்கள். 90-உம் அதற்கு மேலும் ஏ பிளஸ், 80-லிருந்து 89 வரை ஏ என்று இறங்கி, 30-லிருந்து 39 வரை டி பிளஸ். டி பிளஸ் வாங்கினால் மேற்படிப்புக்குத் தகுதி உண்டு. 2007-இல் எங்கள் தமிழ்வழிப் பள்ளியில் படித்த ஒரு மாணவன், அவனுடைய தாய்மாமன் வீடு கம்பத்தில் இருந்ததால், அங்கே பதினொன்றாம் வகுப்பில் சேரப் போனான். சான்றிதழில் மதிப்பெண் இல்லை, கணக்கில் டி பிளஸ் மட்டும் இருந்தது. அங்கிருந்த பள்ளியின் அலுவலர் 30-ஐயும் 39-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 34.5 என்று சான்றிதழ் நகலின் ஓரத்தில் பென்சிலால் எழுதினார். தமிழ்நாட்டில் தேர்ச்சிக்கு 35. அரை மதிப்பெண் குறைகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்தப் பென்சில் எழுத்தை இன்றும் மறக்க முடியவில்லை. எவ்வளவு நேர்த்தியாக, தசமப் புள்ளியோடு எழுதியிருந்தார்! பையன் 39 வாங்கியிருக்கலாம், 30 வாங்கியிருக்கலாம். எது என்பது சான்றிதழில் இல்லவே இல்லை. தரவரிசைத் தரவில் இல்லாத ஒரு துல்லியத்தை அவர் தம் கையால் உண்டாக்கி, தாம் உண்டாக்கியதையே சான்றாகக் கொண்டு தீர்ப்பும் எழுதிவிட்டார். நான் பேருந்து ஏறிப் போய் அரைமணி நேரம் பேசினேன். அவர் கெட்டவரே அல்லர். எண்ணாக எழுதினால்தான் கோப்பு நகரும் என்றார். கடைசியில், மேற்படிப்புக்குத் தகுதி என்று சான்றிதழிலேயே அச்சிட்டிருந்த வரியைத் தலைமையாசிரியர் படித்துப் பார்த்ததும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வரி சொல்லால் ஆனது என்பதைக் கூடலூர் வாசகர் கவனிக்க வேண்டும்.

குமுளி கணக்கு வாத்தியார், 10 ஜூன் 2024

நேற்றைய குறிப்பைப் படித்த பழைய மாணவர் ஒருவர், “அப்படியானால் கம்பத்தின் அஞ்சல் குறியீட்டையும் குமுளியின் அஞ்சல் குறியீட்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் எல்லைக்கோட்டின் முகவரி வருமா, சார்?” என்று கேட்டிருக்கிறார். வரும். தபால்காரர்தான் வரமாட்டார்.

குமுளி கணக்கு வாத்தியார், 17 ஜூன் 2024

மழைக்காலம் தொடங்கிவிட்டதால் திங்கட்கிழமை மழையைப் பற்றி எழுதுகிறேன்.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மழைப் பதிவேட்டைப் பிரதி எடுத்தார்கள். தோட்டத்தின் பெயர் வேண்டாம். மூன்று ஆண்டுப் பதிவு. நீளமான பேரேடு, அட்டையில் பூஞ்சை படிந்து உள்ளே ஊதா மையில் அழகான எழுத்து. மில்லிமீட்டர் கணக்கு, அதாவது விகித அளவை; சுழியம் என்றால் மழை இல்லை. கூடலூர் வாசகரின் ஏணியில் மேல்படி. மாணவர்கள் கிழமைவாரியாகக் கூட்டிப் பட்டை வரைபடம் வரைந்தார்கள். மூன்று ஆண்டிலும் திங்கட்கிழமைதான் அதிக மழை, ஞாயிற்றுக்கிழமை ஏறக்குறைய மழையே இல்லை. ஒரு மாணவி, ஞாயிறு ஆலை நிற்பதால் புகை குறைந்து மேகம் கலைகிறது என்று விளக்கமும் எழுதியிருந்தாள். எனக்கும் அது கொஞ்ச நேரம் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு மழைமானியைப் பார்க்கப் போனோம். அலுவலகத்துக்குப் பின்னால், முள்வேலிக்குள் நிலத்தில் பதித்த உருளை. அதைத் திறந்து உள்ளிருக்கும் நீரைக் கண்ணாடி அளவைக் குடுவையில் ஊற்றி, கண் மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்து, நடுவில் குழிந்து நிற்கும் நீர்க்கோட்டைப் படிக்க வேண்டும். காலை 8.30-க்கு எடுப்பது நம் நாட்டு வழக்கம். தோட்டத்து எழுத்தர் அதைச் செய்து காட்டிவிட்டு, “ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் லீவு” என்றார். அவ்வளவுதான். ஞாயிறு காலை யாரும் குடுவையை எடுப்பதில்லை. கட்டம் காலியாக இருந்தால் மேலாளர் கேட்பார் என்பதால் அதில் 0 எழுதிவிடுவார். திங்கள் காலை இரண்டு நாள் மழையும் சேர்ந்து வரும்.

இப்போது அந்தப் பேரேடு நம்பத்தக்கதா? மாத மொத்தம் வேண்டுமென்றால், ஆவியாகிப் போன சிறு அளவைத் தவிர, முழுவதும் நம்பலாம். ஒரே நாளில் பெய்த மிகப்பெரிய மழை எவ்வளவு என்று கேட்டால் நம்பக் கூடாது. 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்த நாளை மழைநாள் என்று வானிலைத் துறை கணக்கிடுகிறது. மழைநாள்கள் எத்தனை என்று கேட்டாலும் பேரேடு குறைத்தே சொல்லும். எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து அதே எழுத்து மெய்யும் ஆகிறது, பொய்யும் ஆகிறது. அந்தச் சுழியங்களில் சில மழை பெய்யாத நாளைக் குறித்தன, சில பார்க்காத நாளைக் குறித்தன. பதிவேட்டில் இரண்டும் ஒரே வட்டம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 8.30-க்கு எடுத்த அளவு அன்றைய தேதியில் பதிவாகும். முந்தைய நாள் பகல் முழுவதும் கொட்டிய மழையும் இன்றைய தேதியில்தான் நிற்கும். பழைய செய்தித்தாளில் படித்த வெள்ளத்தையும் பதிவேட்டு மழையையும் ஒப்பிடுவோர் இந்த ஒரு நாள் நழுவலில் பலமுறை விழுந்திருக்கிறார்கள்.

கண்காட்சியில் எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. எரிமலை செய்த பள்ளிக்குப் போய்விட்டது.

குமுளி கணக்கு வாத்தியார், 18 ஜூன் 2024

“அது இரண்டாம்நிலைத் தரவு, பிறர் எழுதியதைப் பிரதி எடுத்தீர்கள், ஆகவே ஏமாந்தீர்கள், நேரில் திரட்டிய முதல்நிலைத் தரவில் இந்தச் சிக்கல் இல்லை” என்று மறுமொழி வந்திருக்கிறது. நேரில் திரட்டியவனுடைய யோக்கியதையைச் சொல்கிறேன்; அவன் நான்தான்.

1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பீருமேடு வட்டத்தில் சில லயங்கள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், என் பொறுப்பில் இருந்தன. ஒரு லயத்தில் மூணாறு பக்கத்திலிருந்து வந்து குடியேறிய பாட்டி ஒருவர். வயது கேட்டேன். “தொண்ணூத்தொன்பது” என்றார். பாட்டி சுருங்கிச் சிறுத்துப்போய்க் கம்பளிக்குள் இருந்தார், எனக்குச் சந்தேகமே வரவில்லை. 99 என்று எழுதி, பக்கத்து வீட்டுக்குப் போய் “உங்கள் லயத்தில் நூறை நெருங்கியவர் இருக்கிறாரே” என்று பெருமையாகவும் சொன்னேன். அந்த வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். பாட்டி சொன்னது வயதை அன்று, வெள்ளத்தை. 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் கொல்லம் ஆண்டு 1099-இல் நேர்ந்ததால் கேரளம் முழுவதும் அதற்குத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்றே பெயர். மூணாற்றில் ஓடிய குண்டளை ரயில் பாதை அந்த வெள்ளத்தில்தான் அழிந்தது. திரும்பிப் போய்க் கேட்டபோது, “ரயிலு போன அன்னிக்குத்தானே சாரே நான் பிறந்தது” என்றார்.

ஆகவே வயது 66. பாட்டியே மறுபடியும் 67 நடக்கிறது என்றார், அது இன்னொரு குழப்பம். கணக்கெடுப்பு கேட்பது நிறைந்த வயதை. நம் மக்கள் சொல்வது நடப்பு வயதை. 1 மார்ச் 1991 சூரிய உதயம்தான் அந்தக் கணக்கெடுப்பின் குறிப்பு நேரம், அந்த நேரத்தில் அவருக்கு 66 நிறைந்திருந்தது.

நான் எழுதியது முதல்நிலைத் தரவு. நேரில் கேட்டது, என் கையால் எழுதியது, எண்ணாக இருந்தது, விகித அளவையாகவும் இருந்தது. 33 ஆண்டுகள் பிசகியிருந்தது. அதைத் திருத்தியது ஒரு கதை.

குமுளி கணக்கு வாத்தியார், 30 ஜூன் 2024

வயது பற்றி எழுதிய பிறகு தூக்கம் சரியாக வரவில்லை. பாட்டியின் வயதைத் திருத்திவிட்டேன், மற்றவர்களுடைய வயதை என்ன செய்தேன்?

நம் நாட்டுக் கணக்கெடுப்பில் வயதுகள் 0-விலும் 5-லும் குவிந்து கிடப்பது எல்லாருக்கும் தெரிந்த குறை. 30, 35, 40, 45 எல்லாம் ஓங்கி நிற்கும், இடையில் 31-உம் 39-உம் பள்ளத்தில் கிடக்கும். இந்தக் குவியலை அளக்க விப்பிள் குறியீடு என்று ஒன்று உண்டு: 23-லிருந்து 62 வரையுள்ள வயதுகளை எடுத்துக்கொண்டு பார்த்தால், குவியலே இல்லாவிட்டால் 100, எல்லாருமே 0-விலும் 5-லும் முடியும் வயதைச் சொன்னால் 500. இதைப் பாடமாக நடத்தும்போது, மக்களுக்குப் பிறந்த நாள் தெரியாததால் வரும் பிழை என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தேன். பாதிதான் உண்மை. ஒரு தாய், “முப்பது, முப்பத்திரண்டு இருக்கும்” என்பார். அடுத்த வீட்டில் நாய் குரைக்கிறது, மழை வரப்போகிறது, இன்னும் பதினான்கு வீடு பாக்கி. நான் 30 என்று எழுதுவேன். அந்தக் குவியலில் ஒரு பங்கு என் பேனா முனையில் உண்டானது.

எண்ணிக்கையில் விடுபடுவது தனிக் கதை. கணக்கெடுப்பு முடிந்ததும் சில பகுதிகளை வேறு ஆள்களை வைத்து மறுபடி எண்ணிப் பார்ப்பார்கள். 2011 கணக்கெடுப்பில் ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டதாக அந்தச் சோதனை காட்டியது. தன் பிழையைத் தானே அளந்து வெளியிட்ட எண் என்பதால் எனக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மேல் மதிப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை. பிழை இவ்வளவு என்று சொல்லும் எண்ணையும் பிழையே இல்லாததுபோல் நிற்கும் எண்ணையும் பக்கத்தில் வைத்தால் முன்னதையே எடுத்துக்கொள்வேன்.

குமுளி கணக்கு வாத்தியார், 7 ஜூலை 2024

முதல் குறிப்பில் பெயரளவைக்கு வண்டி எண்ணை உதாரணம் காட்டி ஒரே வரியில் கடந்துவிட்டேன். அந்த அலட்சியத்தைத் திரும்பப் பெறுகிறேன். இந்த எல்லையை வரைந்ததே ஒரு பெயரளவைத் தரவுதான்.

1951 கணக்கெடுப்பில் தாய்மொழி என்ற கட்டத்தில் எழுதிய ஒரு சொல்லைக் கூட்டித்தான், 1955-இல் அறிக்கை கொடுத்த மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் முன் தமிழ்த் தரப்பும் மலையாளத் தரப்பும் வாதாடின. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் செங்கோட்டையின் பெரும் பகுதியும் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. தோட்டத் தமிழர் நிலையாகக் குடியிருப்பவரா, வேலைக்காக வந்துபோகும் மக்களா என்பதே இங்கே நடந்த சண்டையின் உயிர்நாடி. இது எண்ணிக்கைச் சண்டை இல்லை, எத்தனை பேர் என்பதில் பெரிய மறுப்பு இல்லை. யாரைக் குடியிருப்பவர் என்று எண்ணுவது என்ற வரையறையில்தான் சண்டை. வடக்கே திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டுக்கு வந்தபோது கிராமத்தை அலகாகக் கொண்டு மொழிப் பெரும்பான்மையைப் பார்த்தார்கள். வட்டத்தை அலகாகக் கொண்டிருந்தால் கோடு வேறு இடத்தில் விழுந்திருக்கும். வீட்டில் பேசும் மொழி மாறவில்லை, கூட்டும் அலகு மாறினாலே விடை மாறும்.

தாய்மொழி என்பது எளிய கேள்வியும் இல்லை. குழந்தைப் பருவத்தில் தாய் பேசிய மொழி என்பதுதான் கையேட்டின் வரையறை. கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ பேசி, வாசற்படி தாண்டியதும் தமிழுக்கு மாறும் குடும்பங்கள் ஏராளம். 2001-இல் ஒரு வீட்டில் பாட்டி தெலுங்கு என்றார், மகன் தமிழ் என்றார், மருமகள் மலையாளம் என்றார், பேரனைக் கேட்டால் “இங்கிலீஷ்” என்று ஓடிப்போனான். மூன்றையும் அவரவர் சொன்னபடி எழுதினேன். மகனுக்கு வரையறைப்படி தெலுங்கு என்றுதான் வரவேண்டும் என்பது வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. ஆனால் அவர் தமிழ் என்று சொன்னதும் ஒரு செய்திதானே? அதை அடித்துத் திருத்த எனக்கு என்ன உரிமை? இதற்கு இன்றுவரை என்னிடம் தெளிவான பதில் இல்லை.

குமுளி கணக்கு வாத்தியார், 8 ஜூலை 2024

ஏல விலை பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: புற்றடியிலும் போடியிலும் நடக்கும் ஏலக்காய் மின்னேலத்தில் அதிகபட்ச விலை, சராசரி விலை என்று இரண்டு எண் வரும். அதிகபட்சம் ஏதோ ஒரு சிறு குவியலுக்குக் கிடைத்த விலை. விற்ற எடையைக் கணக்கில் கொண்ட சராசரிதான் உங்கள் காய்க்கு அருகில் வரும். இரண்டும் மெய்யான எண்கள். முதல் எண்ணைப் பார்த்து ஸ்டோரில் காயைப் பூட்டி வைத்தவர்களை எனக்குத் தெரியும், அவர்களில் ஒருவர் என் மைத்துனர்.

குமுளி கணக்கு வாத்தியார், 21 ஜூலை 2024

“அரசு எண்ணினால் நம்பலாம், மாதிரி எடுத்தால் நம்பக் கூடாது” என்று கூடலூர் வாசகர் தம் நிலையைச் சற்று மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். ஒரே மலையின் இரண்டு சரிவுகளைப் பார்க்கச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் கிராம நிர்வாக அலுவலர் புல எண் வாரியாக என்ன பயிர் நிற்கிறது என்று அடங்கல் என்னும் பயிர்ப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஏட்டளவில் அது முழுக் கணக்கெடுப்பு. கேரளத்தில் அப்படிக் கிராமவாரியாக எழுதும் ஏற்பாடு இல்லாததால் புள்ளியியல் துறை மாதிரிப் புலங்களைத் தேர்ந்தெடுத்து அவற்றை மட்டும் நேரில் பார்த்து மாநிலக் கணக்கை மதிப்பிடுகிறது. வாசகரின் தர்க்கப்படி கிழக்குச் சரிவுதான் மெய், மேற்குச் சரிவு ஊகம்.

எங்கள் பூர்விக நிலம் கிழக்கே இருக்கிறது. மூன்று ஆண்டுகளாகத் தென்னை நிற்கும் புலத்துக்கு அடங்கலில் நெல் என்று வந்துகொண்டிருந்தது. யாரையும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அத்தனை புலத்தையும் பருவந்தோறும் ஒருவர் நடந்து பார்க்க வேண்டும் என்றால், சான்றிதழ், வரி, தேர்தல், வெள்ள நிவாரணம் என்ற வேலைகளுக்கு நடுவே போன ஆண்டு எழுதியதைப் பார்த்து எழுதத்தான் தோன்றும். முழுக் கணக்கெடுப்பில் மாதிரிப் பிழை இல்லை, ஆனால் சோர்வினால் வரும் பிழைக்கு எல்லையே இல்லை. மாதிரியில் பிழை உண்டு, அதன் எல்லையைக் கணக்கிட்டுச் சொல்ல முடியும். போக வேண்டிய புலங்கள் குறைவு என்பதால் கால் வைத்துப் பார்க்கவும் முடியும்.

வங்காளத்தில் சணல் பயிரிட்ட பரப்பை மதிப்பிட்டபோது புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் ஒரு வேலை செய்தார். ஒரே பகுதியில் இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு குழுக்களை அனுப்பினார். இரண்டு விடைகளும் விலகிப் போனால் எங்கோ யாரோ மரத்தடியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்று தெரிந்துவிடும். அந்த ஏற்பாட்டை முதன்முதலில் படித்தபோது, இவர் புள்ளியியலைவிட மனிதர்களை நன்றாகப் படித்தவர் என்று எனக்குப் பட்டது.

தேர்தல் கணிப்புக்கும் இதே பதில்தான். மாதிரி எடுத்தது என்பதால் மட்டும் அது பொய்க்கவில்லை. யாரிடம் கேட்டார்கள், எத்தனை பேர் வாய் திறக்கவில்லை, வாக்கு விழுக்காட்டை இடங்களாக எப்படி மாற்றினார்கள் என்ற மூன்றும் அந்த ஒற்றை எண்ணுக்குப் பின்னால் மறைந்து நிற்கின்றன. வாக்கில் இரண்டு மூன்று விழுக்காடு பிசகினாலே இடக்கணக்கில் பல பத்துகள் புரண்டுவிடும்.

குமுளி கணக்கு வாத்தியார், 22 ஜூலை 2024

முந்தைய குறிப்பில் “எல்லையே இல்லை” என்று எழுதியது மிகை. நல்ல மேற்பார்வையும் மறுபார்வையும் இருந்தால் அதற்கும் எல்லை கட்டலாம். அடங்கலை நேர்மையாக நடந்து எழுதியவர்களையும் எனக்குத் தெரியும். ஒருவர் அட்டைப்பூச்சி ஏறிய காலோடு வந்து எங்கள் திண்ணையில் உப்புக் கேட்டு வாங்கித் தேய்த்திருக்கிறார்.

குமுளி கணக்கு வாத்தியார், 11 ஆகஸ்ட் 2024

நினைவிலிருந்து சொல்லும் தரவு பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். தேசிய மாதிரி ஆய்வின் 55-ஆம் சுற்றை, அதாவது 1999-2000 நுகர்வுக் கணக்கை, இன்றும் பொருளியலார் சண்டையோடு நினைவுகூர்கிறார்கள். உணவுக்கு எவ்வளவு செலவு என்பதைக் கடைசி 30 நாளுக்கும் கடைசி 7 நாளுக்குமாக ஒரே படிவத்தில், பக்கத்துப் பக்கத்தில் கேட்டார்கள். ஏழு நாள் கணக்கைப் பெருக்கினால் முப்பது நாள் கணக்கைவிட அதிகம் வருவது முன்பே தெரிந்த செய்தி, ஏனென்றால் ஒரு மாதத்துக்கு முன் வாங்கியது மறந்துபோகும். இரண்டையும் ஒன்றாகக் கேட்டதும் சொல்பவரோ எழுதுபவரோ ஒன்றுக்கு ஒன்று பொருத்திக்கொண்டார்கள். விளைவாக அந்த ஆண்டின் வறுமைக் கணக்கை முந்தைய சுற்றுகளோடு ஒப்பிட முடியாமல் போயிற்று.

இதை வீட்டில் சோதித்தேன். மனைவி மளிகைக் கணக்கை ஒரு நோட்டில் எழுதிவருகிறார். நோட்டைப் பார்க்காமல், போன மாதம் எத்தனை லிட்டர் தேங்காய் எண்ணெய் வாங்கினோம் என்று கேட்டதும் “இரண்டு” என்றார். நான் “ஒன்றரை” என்றேன். நோட்டில் மூன்று இருந்தது. மூன்றாவது லிட்டர் மகள் குடும்பத்தோடு வந்திருந்த வாரம் வாங்கியது. அந்த வாரம் எங்கள் இருவர் மனத்திலும் விருந்தாகப் பதிந்திருக்கிறது, செலவாகப் பதியவில்லை. மனைவி அதன் பிறகு, “உங்கள் கணக்கெடுப்பில் எத்தனை வீட்டு நோட்டைப் பார்த்தீர்கள்?” என்று கேட்டார். ஒன்றும் இல்லை.

குமுளி கணக்கு வாத்தியார், 13 ஆகஸ்ட் 2024

கூடலூர் வாசகரின் மகள் நேரடியாகவே எழுதியிருக்கிறார். கல்லூரித் திட்ட வேலைக்கு ஒரு தோட்டத்தின் மழைப் பதிவேடு கிடைத்திருக்கிறதாம். நான் திங்கட்கிழமை பற்றி எழுதியதைப் படித்துவிட்டுக் கிழமைவாரியாகக் கூட்டிப் பார்த்தாராம். அங்கேயும் ஞாயிறு வறட்சிதான். அந்தச் சுழியங்களை நீக்குவதா, திங்கள் எண்ணைப் பாதியாக்கி இரண்டு நாளுக்கும் பங்கிடுவதா என்று கேட்கிறார்.

பங்கிட வேண்டாம், அது 34.5 எழுதிய பென்சில். ஞாயிறு கட்டத்தைக் காலியாக விட்டு, திங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் “இரு நாள் மழை” என்று எழுதிக்கொள்ளுங்கள். மாத மொத்தத்துக்கு அந்த எண்ணை அப்படியே சேர்த்துக்கொள்ளலாம், நாள் மழைக்கும் மழைநாளுக்கும் அந்த இரண்டு நாள்களையும் சேர்த்துத் தள்ளிவிடுங்கள். அதற்கு முன்னால் அந்தத் தோட்டத்துக்கு ஒரு முறை போய், ஞாயிறன்று குடுவையை யார் எடுக்கிறார் என்று கேட்டுவிட்டு வாருங்கள். உண்மையாகவே மழை பெய்யாத ஞாயிறுகளும் அவற்றில் இருக்கும்.